பந்து திடீரென்று வளைய மறுக்கிறது: உதவி தேவை

பத்தாம்பின்:
வணக்கம். சனிக்கிழமை பத்துப்பின் பௌலிங் லீக் ஆட்டம் இருப்பதால் அவசரமாகக் கேட்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் வாங்கிய ரியாக்டிவ் (ரெசின் மேற்பரப்புள்ள) பந்து, தொடக்கத்தில் லேனின், அதாவது ஓடுபாதையின், கடைசிப் பகுதியில் அழகாகத் திரும்பிப் பாக்கெட்டுக்குள் (தலைப்பின்னுக்கும் அதை அடுத்த பின்னுக்கும் இடையில்) நுழைந்தது. இப்போது அதே இடத்தில் நின்று லேனில் உள்ள அதே அம்புக்குறியைப் பார்த்து விட்டாலும் முன்னால் நிற்கும் தலைப்பின்னைத் தொடாமல் வெளிப்பக்கமே போய்விடுகிறது. வேறு பந்து வாங்கிவிடலாமா?

லேன்39:
நீங்கள் வலக்கையரா இடக்கையரா, பந்தின் எடை என்ன, எத்தனை ஆட்டங்கள் ஆடியிருக்கிறீர்கள், மேற்பரப்பு மங்கலாக இருக்கிறதா பளபளப்பாக இருக்கிறதா, உங்கள் பௌலிங் மையத்தில் லேன்மீது எண்ணெய் எத்தனை அடிவரை பூசுகிறார்கள் என்று எதையுமே சொல்லவில்லையே! இவை தெரியாமல் எதைச் சொன்னாலும் குருட்டுக் கணிப்புத்தான்.

உட்கரு:
என்னைக் கேட்டால் எல்லாம் கோரின் (பந்துக்குள் இருக்கும் எடைக்கருவின்) வேலை. எடை பந்தின் மையத்தை ஒட்டியிருந்தால், அதாவது ஆர்ஜி (எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்ற அளவு) குறைவாக இருந்தால், பந்து சீக்கிரமே உருளத் தொடங்கும். எடை விளிம்பை நோக்கிப் பரவியிருந்தால் நெடுந்தூரம் வழுக்கிச் சென்ற பிறகுதான் திரும்பும். அமெரிக்க பௌலிங் அமைப்பான யூ.எஸ்.பி.சி ஆர்ஜிக்கு 2.46 முதல் 2.80 அங்குலம் வரையும், டிஃபரன்ஷியலுக்கு (ஒரே பந்தின் மிக அதிக, மிகக் குறைந்த ஆர்ஜிகளின் வேறுபாட்டுக்கு) 0.060 அங்குலம் வரையும் அனுமதிக்கிறது. பின் குறியை (கோரின் உச்சியைக் காட்டும், பந்தின்மேல் உள்ள புள்ளியை) உங்கள் சுழல் அச்சிலிருந்து 3⅜ அங்குலத்தில் வைத்துத் துளையிட்டிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய பரப்பு லேனைத் தொடும். துளையிட்டவர் அங்கேதான் தவறியிருப்பார்.

மங்கல்பரப்பு:
அப்படியானால் முதல் மாதத்தில் எப்படி வளைந்தது? கோர் ஆறு மாதங்களில் உருமாறிவிடாது. துளையும் இடம் மாறவில்லை. மாறியது மேற்பரப்பு மட்டுமே. ரெசினின் நுண்துளைகள் லேனின் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். தேய்த்து மங்கலாக்கிய பரப்பை லேனே மெருகேற்றிவிடும். இரண்டும் சேர்ந்தால் பந்து பிடிமானமின்றி வழுக்கிக்கொண்டே போகும். துளைகளை ஒட்டுநாடாவால் அடைத்து, கை பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, இருபது நிமிடங்கள் ஊறவிடுங்கள். பிறகு அப்ரலான் எனும் தேய்ப்புத் தட்டுகளால், முதலில் சொரசொரப்பான 500, அடுத்து மென்மையான 2000 என்று எல்லாப் பக்கமும் சமமாகத் தேயுங்கள். அடுப்பில் வைத்துச் சூடாக்க மட்டும் வேண்டாம்.

மூத்தஉருட்டி:
இந்தப் பகுதியில் மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சோப்பு நீரெல்லாம் சிறுபிள்ளை வைத்தியம். அச்சுக்கு அருகில் கூடுதலாக ஒரு சமநிலைத் துளை (விரல் நுழைக்காத, எடையை மாற்றுவதற்கான துளை) போட்டால் டிஃபரன்ஷியல் உயர்ந்து பந்து தானாக வளையும்.

லேன்39:
ஐயா, 2020 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் துளைக்கே அனுமதி இல்லை. பிடிக்கப் பயன்படாத துளை எதுவும் பந்தில் இருக்கக்கூடாது. அவர் ஆடப்போவது லீக்கில்.

மூத்தஉருட்டி:
நான் பயிற்சிப் பந்தைப் பற்றித்தான் சொன்னேன். விதி எனக்கும் தெரியும்.

உட்கரு:
பயிற்சிக்கு ஒரு பந்து, போட்டிக்கு வேறொரு பந்து என்றால் பயிற்சியால் என்ன பயன்? தவிர, கட்டைவிரல் இல்லாமல் வீசுபவர்களின் பந்தில் கட்டைவிரல் துளை இருந்தாலே அந்த விதியின்படி தவறாகிவிடுகிறது. அது நியாயமான விதி என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.

மூத்தஉருட்டி:
கட்டைவிரலை நுழைக்காமல் இரண்டு கைகளால் வீசுபவர்களுக்காக யாரும் விதியை வளைக்கத் தேவையில்லை.

மங்கல்பரப்பு:
அந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள், கேட்டவரைக் காணவில்லை.

பத்தாம்பின்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். வலக்கை, 14 பவுண்டு, ஏறத்தாழ 80 ஆட்டங்கள்; பந்து கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருந்தது. ஊறவைத்ததில் நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. தேய்த்த பிறகு நான்கு பலகை (லேனின் குறுகிய நீளப் பட்டைகள்) கூடுதலாக வளைகிறது. ஆனால் பாக்கெட்டில் பட்டாலும் வலது கடைசி மூலையிலுள்ள 10ஆம் பின் அடிக்கடி நின்றுவிடுகிறது. நன்றி.

மங்கல்பரப்பு:
500 தட்டோடு நிறுத்திவிட்டீர்களா, 2000 வரை சென்றீர்களா? பரப்பு மிகவும் சொரசொரப்பாக இருந்தால் பந்து முன்னதாகவே பிடித்துத் தன் வேகத்தைப் பாதி வழியிலேயே செலவழித்துவிடும்; 10ஆம் பின் நிற்பதற்கு அதுவும் காரணமாகலாம்.