சமாரியா பள்ளத்தாக்கு (கிரீஸ் நாட்டின் கிரீட் தீவு): நடந்தவர்கள் கண்டதும் போகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் (புனைபெயர்களில் நடையர்கள் எழுதியவை)

மலைத்தடம்:
சமாரியா என்றதும் எல்லோரும் கேட்பது 16 கிலோமீட்டர் தூரத்தைப் பற்றித்தான். சமவெளியில் அந்தத் தூரம் பெரிதில்லை. இங்கே ஆளைச் சாய்ப்பது இறக்கம். ஓமாலோஸ் மேட்டுநிலத்தின் விளிம்பில் இருக்கும் க்ஸிலோஸ்காலோ வாசல் ஏறத்தாழ 1,230 மீட்டர் உயரம். முடியும் இடமான அகியா ரூமேலியோ கடற்கரைக் கிராமம். அந்த உயரத்தில் பாதியை முதல் நான்கு கிலோமீட்டருக்குள்ளேயே இறங்கிவிடுகிறோம். காலைக் குளிரில், புத்துணர்ச்சியோடு, எல்லோரும் படிகளில் குதித்துக் குதித்துப் போவது அந்த இடத்தில்தான். முட்டி அப்போது ஒன்றும் சொல்லாது. நடுவழியில் உள்ள பழைய சமாரியா கிராமம் தாண்டிய பிறகு கூழாங்கல் படுகையில் சொல்லும்.

இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். இறக்கத்தில் அவற்றின் நீளத்தை வழக்கத்தைவிட ஐந்து பத்து சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். கால்நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷூவின் முன்பக்கம் மோதி மோதிக் கறுத்துவிடும். ஷூ நாடாவைக் கணுக்காலுக்குப் பக்கத்தில் இறுக்கி, விரல் பக்கம் தளர்த்திக் கட்டினால் பாதம் முன்னால் சரியாது. புது ஷூ வேண்டவே வேண்டாம்.

படிக்கற்கள் பல்லாண்டு மிதிபட்டு வழவழத்துக் கிடக்கின்றன. அதன்மேல் பைன் ஊசிகள் வேறு. மழை பெய்யாமலே வழுக்கும்.

உப்புக்காற்று:
தண்ணீர் பற்றிப் பலருக்கும் இருக்கும் எண்ணத்துக்கு ஒரு திருத்தம். மூன்று லிட்டரைச் சுமந்துகொண்டு இறங்குபவர்களை எல்லாக் காலத்திலும் பார்க்கலாம். பள்ளத்தாக்குக்குள் தேவையே இல்லை. நெரூட்சிகோ, ரிஸா சிகியாஸ், அகியோஸ் நிகோலாவோஸ், சமாரியா என்று வழியில் ஊற்றுநீர் கிடைக்கிறது. ஒரு லிட்டர் புட்டி ஒன்று போதும், நிரப்பிக்கொண்டே போகலாம். சாப்பாடுதான் உள்ளே விற்பதில்லை. சைவக்காரர்கள் முந்தின நாளே ஹானியா நகரில் கீரையோ சீஸோ வைத்துச் சுட்ட ‘பை’ (pie) பலகாரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உப்பு போட்ட கடலையும் இருக்கட்டும். வியர்வையில் போகும் உப்பை வெறும் தண்ணீர் ஈடுசெய்யாது.

ஓடையில் இறங்கிக் குளிக்கத் தடை. கால் நனைக்கிற ஆசையைக் கடல்வரை ஒத்திப்போடத்தான் வேண்டும். முகாம், தீ, நாய், பாதையை விட்டு விலகுதல் எதற்கும் அனுமதி இல்லை. 1962 முதல் இது தேசியப் பூங்கா. சமாரியா கிராமத்து மக்களையே அதற்காக வெளியேற்றியிருக்கிறார்கள். இன்று நாம் உட்கார்ந்து சாப்பிடும் இடம் அவர்கள் விட்டுப்போன வீடுகளின் நடுவே.

நுழைவுச்சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கீழ்வாசலில் திரும்பக் கேட்பார்கள். எத்தனை பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அதை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள்.

கல்லும்காலும்:
எதிர்ப்படும் ஆபத்துகளில் முதலிடம் கல்விழுதலுக்கு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் நிற்காமல் வேகமாகக் கடக்கச் சொல்வார்கள். சரியாக அந்த இடத்தில் நின்று படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். காற்று, மழை மட்டுமல்ல, மேலே மேயும் க்ரி-க்ரி காட்டாடுகளும் கல்லைத் தட்டிவிடும். அவை கிராமத்துக்குள் ஆட்களின் கைக்கெட்டும் தூரம்வரை வரும். தீனி போடாதீர்கள்.

வசந்தகாலத்தில் அழுகிய இறைச்சி நாற்றம் அடித்தால் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று தேட வேண்டாம். கருஞ்சிவப்பில் முழநீள மடல் விரித்த ட்ராகன் ஆரம் பூ அது. ஈக்களை வரவழைக்கத்தான் அந்த நாற்றம். கீழ்ப்பகுதி ஓடைக்கரையில் பூத்து நிற்பது நம்ம ஊர் அரளிதான். விஷம் தெரிந்ததே, பூவைக் கிள்ளிய கையோடு ரொட்டியைப் பிய்க்க வேண்டாம்.

செல்பேசி சிக்னலை நம்பாதீர்கள். கணுக்கால் பிசகினால் பூங்காக் காவலர் நிலையத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அங்கிருந்து கோவேறு கழுதை வரும். அதனால்தான் தனியாகப் போகிறவர்கள்கூட கூட்டம் வரும் நேரத்தில் நடப்பது நல்லது. மே மாதத்தில் ஓடையை அடிக்கடி கடக்க வேண்டும், ஆடும் கற்கள்மேல்; ஆகஸ்டில் மேற்பகுதி காய்ந்து கிடக்கும், வெயில் மட்டும் மிச்சம்.

மலைத்தடம்:
வாசல் பொதுவாக மே தொடக்கம் முதல் அக்டோபர் இறுதிவரை திறந்திருக்கும். ஆனால் மழைக்கோ கடும் வெப்பத்துக்கோ அன்று காலையில்கூட மூடிவிடுவார்கள். முந்தின நாள் மாலை விசாரியுங்கள்.

சாவகாசமாக நடக்க ஆறேழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். "இரும்புக் கதவுகள்" என்கிற குறுகல் ஏறத்தாழ 11 கிலோமீட்டரில் வருகிறது. இரண்டு பக்கமும் சுமார் 300 மீட்டர் சுவர், நடுவில் நாலு மீட்டர் சொச்சம் இடைவெளி. நண்பகலில் அங்கே வரிசைதான் நிற்கும். பூங்கா வாசலுக்குப் பிறகு கிராமம்வரை இருக்கிற கடைசி மூன்று கிலோமீட்டரில் நிழலே இல்லை. அலுப்பூட்டும் பகுதி, சொல்ல ஒன்றுமில்லை.

உப்புக்காற்று:
எல்லாவற்றையும் விடப் பெரிய கெடு, படகு. அகியா ரூமேலிக்குச் சாலை கிடையாது. ஸ்ஃபாகியா, சூயா என்கிற கடற்கரை ஊர்களில் ஒன்றுக்கு மாலைப் படகைப் பிடித்தால்தான் ஹானியா பேருந்து. பேருந்துகள் படகு நேரத்தை ஒட்டியே புறப்படும். இந்தக் கணக்கைக் காலையில் தொடங்கும்போதே பின்னாலிருந்து போடுங்கள். காற்று பலமாக இருந்தால் படகு ரத்து. அப்போது கிராமத்தில் தங்க ரொக்கம் வேண்டும். வங்கி அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

கல்லும்காலும்:
படகு வேண்டாம் என்று இ4 (E4) என்கிற ஐரோப்பிய நெடுந்தூர நடைத்தடத்தில் லூட்ரோ என்ற கரையோர ஊருக்கு நடக்கிறவர்களுக்கு: அன்றே வேண்டாம், கிராமத்தில் தூங்கி எழுந்து போங்கள். மஞ்சள்-கறுப்பு அடையாளம்தான் வழிகாட்டி. அகியோஸ் பாவ்லோஸ் என்கிற கல் தேவாலயத்தைத் தாண்டியதும் பாதை பிரிகிறது. மேலே ஏறுவது அகியோஸ் யோவானிஸ் ஊருக்கு. லூட்ரோவுக்குக் கரையோரமாகவே போக வேண்டும். ஆட்டுத்தடங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும், அடையாளம் கண்ணில் படாமல் ஐந்து நிமிடம் போனால் திரும்பிவிடுங்கள். இங்கேதான் அந்த மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். மர்மாரா கடற்கரைவரை ஊற்று இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கு பொருத்தம். எட்டு கிலோமீட்டர், இரண்டு மூன்று மணி நேரம், படகுக் கவலை இல்லை.

புதுநடை:
வாடகைக் காரை க்ஸிலோஸ்காலோவில் விட்டால் மாலையில் எப்படி எடுப்பது?

மலைத்தடம்:
சூயா படகு ஏறுங்கள், ஸ்ஃபாகியா வேண்டாம், அது எதிர்த்திசை. சூயாவிலிருந்து டாக்ஸி கிடைக்கும், பேருந்து ஓமாலோஸ் வழியா என்று ஓட்டுநரிடம் கேட்டு ஏறுங்கள். அதைவிட எளிது, முந்தின இரவு ஓமாலோஸில் தங்குவது. விடுதிக்காரர்கள் பலர் காலையில் வாசல்வரை கொண்டுவிடுகிறார்கள். ஹானியா பேருந்துகள் வந்து சேர்வதற்குள் நீங்கள் முதல் ஊற்றைத் தாண்டியிருப்பீர்கள்.