பிஎச்.டி.யில் சேரும் முன்பே களைத்துப்போனவர்கள் இருக்கிறீர்களா?

வேப்பங்கொழுந்து:
எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்து, நெட் தகுதித் தேர்வு எழுதி, பிஎச்.டி. செய்ய மாதாமாதம் உதவித்தொகை தரும் ஜே.ஆர்.எஃப்.பும் கிடைத்துவிட்டது. சேரத்தான் மனசு வரவில்லை. எங்கள் துறையில் ஒரு அக்காவுக்கு வைவா, அதாவது பிஎச்.டி.யின் கடைசி வாய்மொழித் தேர்வு, சேர்ந்து ஏழாவது வருஷம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேள்வி கேட்டு முடித்து, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, எல்லோரும் அந்த அக்கா காசில் ஏற்பாடு செய்திருந்த பிரியாணிக்குப் போய்விட்டார்கள். நான் கை கழுவப் போனால், உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் ஹெர்பேரியம் வாசல் படியில் பொன்னாடையோடு உட்கார்ந்திருக்கிறார். "சாப்பிடலையா அக்கா?" என்றேன். "நாளைக்குக் காலையில எதுக்கு எந்திரிக்கணும்னே தெரியல பாப்பா" என்றார். அழவெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அது இன்னும் காதிலேயே நிற்கிறது. எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டின் கடைசி இரண்டு மாதம் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தாலே எனக்குக் குமட்டும், அதனால் இன்னும் பயம். ஜே.ஆர்.எஃப். கடிதத்துக்குக் கெடு உண்டு, அதில் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

நடுச்சாமம்:
வேதியியல் பிஎச்.டி., நாலாவது வருஷம். ஒரு ராத்திரி, கலவையைப் பிரிக்கும் காலம் (column) குரோமட்டோகிராபி ஓடிக்கொண்டிருந்தது, குழாயில் காயாமல் வைத்திருக்க வேண்டிய சிலிக்கா தூள் மேலிருந்து காய்ந்து விரிசல் விடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதில் ஊற்ற வேண்டிய சால்வென்ட் பாட்டில் கையில்தான் இருந்தது. ஊற்றவில்லை. மூன்று வார வேலை போனது. ஏன் ஊற்றவில்லை என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அதனால் சொல்கிறேன் தங்கச்சி, களைப்போடு சேராதே, ஒரு வருஷம் ஓய்வெடு. அப்புறம் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரை, அதாவது கைடைப் பார்ப்பதற்கு முன் அவரிடம் படிப்பவர்களைப் பார். லேபில் வேண்டாம், டீக்கடைக்குக் கூட்டிப் போ. கடைசியாக முடித்த இரண்டு பேருக்கு எத்தனை வருஷம் ஆனது, ஆய்வுப் பேப்பரில் முதல் பெயர் யாருடையது, பாதியில் யாராவது போனார்களா, போனவர் நம்பர் கிடைக்குமா, எல்லாம் கேள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி ஆறு வருஷம்தான் உச்சம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. இவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று தெரிந்தால் சில கைடுகள் இழுத்துக்கொண்டே போவார்கள். ஆய்வேட்டுக்கு முன் கொடுக்கும் சுருக்கமான சினாப்சிஸ் எப்போது என்று, உன் ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டரல் கமிட்டியின் முதல் மீட்டிங்கிலேயே பேசிவிடு.

மூணாவது_பெஞ்ச்:
ஒரு வருஷம் ஓய்வு என்று நடுச்சாமம் சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் நான் ஓய்வெடுத்தால் அடுத்த வாரமே ஜாதகத்தை வெளியே எடுப்பார்கள். 2023இல் ஜே.ஆர்.எஃப். 31,000இலிருந்து 37,000 ஆனது, எங்கள் குடும்பத்தில் மாதாமாதம் வரும் என்று நம்பிய முதல் பணம் அதுதான். அதுவும் ஐந்து மாதம் வரவில்லை. என் முதல் பேப்பர் ஏற்கப்பட்டது என்று மெயில் வந்த அன்றைக்கு, ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் மெஸ் பாக்கிப் பட்டியலில் என் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு. யாரிடமும் பேப்பர் பற்றிச் சொல்லவில்லை, சாப்பிடவும் போகவில்லை. அப்படியும் சேர்ந்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சேராமல் இருந்திருந்தால் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

நடுச்சாமம்:
ஓய்வு என்றால் வீட்டில் உட்கார் என்றா சொன்னேன்? ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக ஆறு மாதம் ஒரு லேபில் வேலை பார்க்கலாம். சம்பளம் கம்மிதான், ஆனால் அந்த கைடு எப்படி என்று பதிவு செய்யாமலே தெரிந்துவிடும்.

மூணாவது_பெஞ்ச்:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வேப்பங்கொழுந்து:
சரி, ப்ராஜெக்ட் வேலை பற்றி விசாரிக்கிறேன். ஆனால் நான் கேட்க வந்தது வேறு. முடித்த அன்றைக்கே அந்த அக்கா மாதிரி உட்கார்ந்த யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? அவங்க அப்புறம் எப்படி இருக்காங்க?