நல்ல தண்ணீர் ஊற்றிக் கெட்ட கதை

ஆயர் தாவார்காரன்:
மலேசியாவில், பேராக் மாநிலத்து ஆயர் தாவார் ஊரில், செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். குளவி, பூரான், நட்டுவாக்காலி எல்லாம் பழக்கம்தான். கொட்டினால் சுண்ணாம்பு தடவிவிட்டு வேலையைப் பார்ப்போம். அந்தத் தெம்போடுதான் போன வருடம் பெர்ஹெந்தியான் தீவுக்கு ஸ்கூபா முக்குளிப்பு பழகப் போனேன்.

மூன்றாம் நாள், மேலே வருமுன் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் அசையாமல் நிற்கும் நேரம். நான் எங்கே நின்றேன்? அலை தள்ளிய தள்ளில் முழங்கால் போய்ப் பக்கத்துப் பவளத்தில் உரசியது. கடுகு நிறம், நுனி மட்டும் வெளுப்பு. சூடான தோசைக்கல்லில் முட்டி போட்ட மாதிரி இருந்தது.

படகில் ஏறியதும் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரைக் காலில் கவிழ்த்தேன். எரிச்சல் இன்னும் ஏறியது. பயிற்சியாளர் பாட்டிலைப் பிடுங்கிவிட்டார். அது பவளமே இல்லையாம், பேர்தான் நெருப்புப் பவளம். ஜெல்லி மீனுக்குச் சொந்தக்காரன். கண்ணுக்குத் தெரியாத கொட்டு ஊசிகள் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீர் பட்டால், வெடிக்காமல் மிச்சமிருப்பதும் வெடித்து நஞ்சை இறக்கும். கடல் தண்ணீரிலேயே அலசி, வினிகர் ஊற்றினார்.

‘ஆயர் தாவார்’ என்றால் மலாயில் நல்ல தண்ணீர் என்றுதான் அர்த்தம். படகில் ஊர்ப் பேரைச் சொல்லித் தொலைத்தேன். கரை வரும்வரை ஒரே சிரிப்பு. தடிப்பு பத்து நாள் அரித்தது. இப்போது கால் மூடும் உடை இல்லாமல் இறங்குவதில்லை.

சித்தியவான் அக்கா:
தம்பி, வினிகர் எல்லாவற்றுக்கும் ஆகாது. லூமுட் பக்கம் தூண்டில் போட்ட என் வீட்டுக்காரருக்குச் செம்பிலாங் மீன் பெருவிரலில் குத்திவிட்டது. மீசை வைத்த அதே கெளிற்று இனம்தான், முள்ளில் நஞ்சு. வினிகருக்கு வலி அசையவே இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்தான் வெந்நீர் வைக்கச் சொன்னார். மீன் முள்ளின் நஞ்சு சூட்டில் கெட்டுப்போகும். ஆனால் 45 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. சூட்டை நல்ல கையால் பார்க்க வேண்டும். குத்துப்பட்ட கை வலியில் சூடு தெரியாமல் வெந்துவிடும். ஆற ஆற, கையை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுதண்ணீர் சேர்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து “தே (டீ) போடு” என்றார். சரி, வலி விட்டது என்று தெரிந்துகொண்டேன். திருக்கை, சிங்க மீன், கல் மீன் குத்தினாலும் முதலில் வெந்நீர்தான். அப்புறம் கிளினிக்குக்குப் போய் டெட்டனஸ் ஊசி போட்டு, முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்றும் பார்த்தோம்.

லயத்துப் பையன்:
பங்கோர் தீவில் என்னை ஜெல்லி மீன் கொட்டியபோது கையில் சாட்டையடி மாதிரி கோடு. நான் மணலை அள்ளித் தேய்த்தேன், அதனால் எரிச்சல்தான் கூடியது. மச்சானோ அதன் மேல் சிறுநீர் கழிக்கத் தயாராக நின்றான்! அதுவும் பிரயோசனம் இல்லை என்று படகுக்காரர் விரட்டினார். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 999 அடிக்கச் சொன்னார். பெட்டி ஜெல்லி மீன் என்றால் உயிருக்கே ஆபத்தாம். எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. உதவிக்கு வந்தவனை ஆள் வைத்து விரட்டினேன் என்று மச்சானுக்குத்தான் இன்னும் கோபம்.