192 இல்லாத இன்டர்ஃபேஸ் குப்பையா?

குழித்துறை உடுக்கை:
மைக் ஒலியைக் கணினிக்குள் ஏற்றும் பெட்டிக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர். அதில் பெரிஞ்சர் யுஎம்சி22 வாங்கலாமா என்று நேற்று ஒரு தம்பி கேட்டார். அதற்குப் பாறசாலை அண்ணாச்சி அருளிய வாக்கு: ‘192 கிலோஹெர்ட்ஸ் இல்லாத இன்டர்ஃபேஸ் வாங்குவதும் காசைத் தாமிரபரணியில் எறிவதும் ஒன்று.’ அதாவது ஒலியை நொடிக்கு 1,92,000 முறை அளந்து பதிய வேண்டுமாம். அந்தப் பெட்டி 48 வரைதான் போகும், உண்மை. அதனால் என்ன குடி முழுகிவிட்டது? 48-இல் பதிந்தால் அதில் பாதி, ஏறத்தாழ 24 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அடங்கிவிடும். மனிதக் காது 20-ஐத் தாண்டுவதில்லை. அண்ணாச்சி வில்லுப்பாட்டை வௌவால்களுக்காகவா பதிகிறார்?

பாறசாலை ஸ்டூடியோ:
காது இல்லாதவர்களோடு எனக்கு வாதமில்லை. 192-இல் பதிந்தால்தான் உடுக்கைக்கு உயிர் வரும்.

குழித்துறை உடுக்கை:
உங்களிடம் இருப்பது எஸ்எம்58. அந்த மைக்கே 15 கிலோஹெர்ட்ஸோடு கடையைக் கட்டிவிடும். மைக் வாங்காத ஒலியை இன்டர்ஃபேஸ் எங்கிருந்து கொண்டுவரும்? இன்னொன்று: 192-இல் 24 பிட் ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்கு 69 எம்பி. வழக்கமான வேவ் கோப்பின் எல்லை 4 ஜிபி. ஒரு மணி நேரம் தாண்டியதும் முட்டி நிற்கும். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் எந்த வில்லடியாவது ஒரு மணி நேரத்தில் முடிந்ததுண்டா?

பாறசாலை ஸ்டூடியோ:
பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குத் தேக்கி எடுக்கும் அளவுகளின் எண்ணிக்கை, 128 வைத்தால் 48-இல் தாமதம் 2.7 மில்லி செகண்ட். 192-இல் 0.7. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

குழித்துறை உடுக்கை:
கணக்கு சரி. ஆனால் 192-இல் ஓடும்போது கணினி திணறும். சத்தம் வெட்டி வெட்டி வரும், பஃபரை 512-க்கு ஏற்றுவீர்கள், தாமதம் பழைய 2.7-க்கே திரும்பிவிடும். சென்ற ஆண்டுக் கொடையில் நீங்கள் பதிந்ததைக் கேட்டேன். குடத்தைவிட ஜெனரேட்டர் தெளிவாக இருந்தது. அதுவும் 192தானா?

பாறசாலை ஸ்டூடியோ:
ஜெனரேட்டரை அந்த இடத்தில் வைத்தது கொடைக் கமிட்டி. கேட்க வேண்டியதை அவர்களிடம் கேளுங்கள். 192, 192தான்.

யுஎம்சி கேட்டவன்:
அண்ணன்மாரே, என்னிடம் 8 ஜிபி லேப்டாப், விண்டோஸ். எந்த மென்பொருள் எடுக்கலாம்?

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு:
எஃப்எல் ஸ்டூடியோ. ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கப் புதிய பதிப்புகள் இலவசம்.

குழித்துறை உடுக்கை:
ரீப்பர் எடு தம்பி. 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், தனியாள் உரிமம் 60 டாலர்தான், பழைய கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடும். எஃப்எல் உட்கார்ந்த இடத்தில் தாளம் அடுக்குகிறவர்களுக்கு.

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு:
நாங்கள் அடுக்குகிறவர்கள், நீங்கள் வாசிக்கிறவர்களா? பாலக்காட்டுப் பக்கத்துக்காரன் என்றால் உங்களுக்கு எப்போதும் இந்த இளக்காரம்தான்.

பாளையங்கோட்டை வாசகன்:
எங்கள் தாமிரபரணியில் காசு எறிவதை முதலில் நிறுத்துங்கள். ஆறு ஏற்கெனவே நாறிக் கிடக்கிறது.

குழித்துறை உடுக்கை:
அவர் சொன்னது எங்கள் ஊர்த் தாமிரபரணி. தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்வது. நெல்லைக்காரர்கள் அந்தப் பெயரைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறீர்களா?

பாளையங்கோட்டை வாசகன்:
பொதிகையில் பிறந்தது எது என்று ஊரே அறியும்.

பாறசாலை ஸ்டூடியோ:
பேச்சை மாற்றுகிறார்கள் பாருங்கள். 192-க்குப் பதில் இல்லை.

குழித்துறை உடுக்கை:
பதில் மேலே இருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை. இசைத்தட்டுக் கடைகளில் விற்ற சிடி எல்லாம் 44.1. அதைக் கேட்டு அழுத சனம் 192 இல்லையே என்றா அழுதது? தம்பி, யுஎம்சி22-ஐ வாங்கு. மிச்சக் காசில் நல்ல ஹெட்போன் ஒன்று எடு, எஞ்சியதில் மைக் ஸ்டாண்ட்.

யுஎம்சி கேட்டவன்:
நன்றி அண்ணா. எங்கள் வீடு தகரக் கூரை. மழை பெய்தால் பாட்டே கேட்பதில்லை. அதற்கு என்ன செய்யலாம்?

பாறசாலை ஸ்டூடியோ:
192 வாங்கு தம்பி.

குழித்துறை உடுக்கை:
வாங்கு, வாங்கு. ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்கும்.