புதுப்பிப்பு: டிவி போட்டதும் ஆம்ப்ளிஃபயர் தானே ஆன் ஆகிறது

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் 12 வோல்ட் டிரிகர் (வேறு கருவி ஆன் ஆனதும் இதையும் ஆன் செய்யும் சிக்னல் வசதி) கிடையாது, டிவியோடு சேர்ந்து தானாக ஆன் ஆக மலிவான வழி உண்டா என்று கேட்டிருந்தேன். வழி டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலேயே இருக்கிறது.

டிவி ஓடும்போது அதில் வரும் 5 வோல்ட்டை ஒரு ரிலே மாட்யூலுக்கு, அதாவது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்சுக்கு, கொடுத்தேன். ரிலேயின் காயில் (காந்தச் சுருள்) இழுப்பது 70-80 மில்லிஆம்பியர்தான், யுஎஸ்பி 2.0 போர்ட் 500 வரை தரும். ரிலேயின் காமன், என்ஓ (ரிலே இழுக்கும்போது மட்டும் காமனோடு இணைவது) முனைகள் வழியே ஆம்ப்ளிஃபயரின் ஃபேஸ் ஒயர் மட்டும் போகிறது. நியூட்ரலும் எர்த்தும் நேரடி. டிவி போட்டதும் 'டிக்' என்று ரிலே இழுக்கிறது, எல்இடி எரிகிறது, பாட்டு வந்துவிடுகிறது. அம்மாவே இப்போது யாரையும் கூப்பிடாமல் போட்டுக்கொள்கிறார், அதுதான் பெரிய சந்தோஷம்.

செய்யப்போகிறவர்கள் முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில டிவிகளில் ஸ்டாண்ட்பையிலும் யுஎஸ்பி போர்ட்டில் அந்த 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும், ஆம்ப்ளிஃபயர் அணையாது. ஆம்ப்ளிஃபயரில் பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ஆன் ஆகும் கணத்தில் கரண்ட் பல மடங்கு பாயும். 10 ஆம்பியர் ரிலேயின் காண்டாக்ட்கூட ஒட்டிக்கொள்ளலாம். தகுந்த என்டிசி தெர்மிஸ்டரை (அந்த முதல் கணப் பாய்ச்சலைக் குறைக்கும் மின்தடை) சீரிஸில் போடுங்கள். 230 வோல்ட் விஷயம், மூடிய பெட்டியும் ஃபியூஸும் கட்டாயம். ஒயரிங் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.