வீட்டு விசுவாசமும் வெளிநாட்டு ஞாயிறும்: புதிதாக வந்திருப்பவர்களுக்கு

போன வாரம் ஒரு தங்கை இங்கே கேட்டிருந்தார்: "வந்து நாலு மாசம் ஆச்சு அண்ணா. மூணு சபைக்குப் போய்ப் பார்த்துட்டேன், எதிலயும் மனசு ஒட்டல. வீட்டுல இருந்தப்போ எனக்கு இருந்தது விசுவாசமா, வெறும் பழக்கமான்னே இப்போ தெரியல." ரெண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

தங்கச்சி, அந்தக் கேள்வி வந்ததற்காகப் பயப்படாதே. நான் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் எனக்கும் இதே தவிப்புதான். வீட்டில் இருந்தவரை ஞாயிறு காலை எல்லோரும் கிளம்புவார்கள், நானும் கிளம்புவேன். இங்கே அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. ஆறு மாதம் எந்தச் சபைக்கும் போகவில்லை. எனக்குள் ஒன்றுமே மிச்சமில்லை என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் வேலையிடத்தில் ஒன்று நடந்தது. நேரக் கணக்குத் தாளில் ரெண்டு மணி நேரம் கூட்டி எழுதச் சொன்னார் மூத்தவர் ஒருவர். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார். பணம் எனக்கு ரொம்பத் தேவைப்பட்ட மாதம் அது. பேனாவை எடுத்தேன், கை போகவில்லை. அந்த நிமிஷம் எந்த வசனமும் நினைவுக்கு வரவில்லை. எனக்கு ஏழு வயதில், கூடுதலாக வந்த சில்லறையைத் திருப்பிக் கொடுப்பதற்காக இருட்டில் என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பி நடந்த அப்பாதான் வந்தார். கால் வலிக்கிறது என்று நான் அழுததும், "அது நம்ம காசு இல்லப்பா" என்று அவர் சொன்னதும் வந்தது. உள்ளதையே எழுதிக் கொடுத்தேன். நான் தொலைந்துவிட்டதாக நினைத்த விசுவாசம் என் கைக்குள் உட்கார்ந்திருந்தது. அதனால் வளர்ப்பை 'வெறும் பழக்கம்' என்று அவசரப்பட்டு ஒதுக்காதே. ஒரு பழக்கம் உன்னை எப்படிப்பட்ட மனுஷியாக ஆக்கியிருக்கிறது என்று பார், அதன் மதிப்பு தெரியும்.

சபை ஒட்டவில்லை என்பதற்கு வருகிறேன். பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகர் அகஸ்டினின் தாய் மோனிக்கா, மகனைத் தேடி வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து கி.பி. 385-ல் இத்தாலியின் மிலானுக்குப் போனார். அங்கே இரண்டு விஷயம் அவருக்கு இடித்தது. அவர் மண்ணில், விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த இரத்தசாட்சிகளின் கல்லறைகளுக்கு உணவும் திராட்சரசமும் கொண்டுபோய்ப் படைக்கும் வழக்கம் உண்டு. மிலானில் ஆயர் அம்புரோஸ் அதைத் தடுத்திருந்தார். வாசல்காரர் நிறுத்தியதும் மோனிக்கா சண்டை போடாமல் விட்டுவிட்டார். அடுத்தது, அவர் ஊர் வழக்கமான சனிக்கிழமை உபவாசம். மிலானில் அது இல்லை என்று கண்டு மனம் குழம்பினார். மகன் போய் அம்புரோஸிடம் கேட்டபோது கிடைத்த பதில்: நான் ரோமில் இருக்கும்போது சனிக்கிழமை உபவாசிக்கிறேன், இங்கே இருக்கும்போது இல்லை, நீங்கள் எந்தச் சபைக்குப் போகிறீர்களோ அதன் முறைப்படி செய்யுங்கள். மோனிக்கா ஏற்றுக்கொண்டார். ஆனால் மகனுக்காகக் கண்ணீரோடு ஜெபிப்பதை எந்த ஊரிலும் விடவில்லை. 387 ஈஸ்டருக்கு அதே அம்புரோஸின் கையால் அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது.

இங்கே சின்னப் பையன் போதகரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், கையில் காபியோடு ஆராதனையில் உட்காருகிறார்கள். இவர்களுக்குத் தேவபயமே இல்லை என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். தவறு என்னுடையது. அந்த மாதிரி ஒரு சபையின் ஜெபக்குழுவில்தான், எழுபது வயதுக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும் தன் மகனிடம் திரும்பி, "நான் நேற்று உன்னிடம் பேசியது தப்பு, என்னை மன்னித்துவிடு" என்றதைப் பார்த்தேன். மகன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். எங்கள் வீட்டில் தினமும் வேதம் வாசித்தோம். ஆனால் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. வளர்ப்பு எவ்வளவோ கொடுத்தது, இதைக் கொடுக்கவில்லை.

வளர்ப்பு சில சமயம் சுவிசேஷத்துக்கு எதிராகவும் இழுக்கும். பேதுருவைப் பாருங்கள். எந்த மனிதரையும் தீட்டென்று ஒதுக்கக்கூடாது என்று யோப்பாவில் தரிசனம் கண்டு, யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குள்ளேயே போனவர்தான். பிறகு அந்தியோகியாவில் தன் யூத இனத்தார் சிலர் வந்ததும், யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். தரிசனம் பார்த்தவரையே பழைய பயம் இழுத்ததென்றால் நாம் எம்மாத்திரம்? யாரோடு உட்கார்ந்து சாப்பிடத் தயங்குகிறோம், யாரைப் பிறப்பை வைத்து அளக்கிறோம் என்று நம் மனதைக் கேட்டுப் பார்ப்போம். அதைப் பாரம்பரியம் என்று பெட்டியில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதமாவது அங்கேயே இரு. வாரம் ஒன்றாக மாறினால் எங்கேயும் விருந்தாளிதான். முடிந்தால் நாற்காலி அடுக்கவாவது பேர் கொடு. தனி ஜெபத்தைத் தமிழிலேயே வைத்துக்கொள். சிறைபிடிக்கப்பட்டுப் போன தானியேல் பாபிலோனிலும் 'தான் முன் செய்துவந்தபடியே' மூன்று வேளையும் முழங்காலில் நின்றார் என்று எழுதியிருக்கிறது. அந்த 'முன் செய்துவந்தபடியே' என்ற வார்த்தை முதல் வருஷத்தில் என்னைத் தாங்கியது.

இங்கே பிறக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதிய தம்பிக்கு: பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவும் இரண்டு உலகத்துப் பிள்ளைதான். அப்பா கிரேக்கர், அம்மா யூதப் பெண். பவுல் அவனுக்கு எழுதும்போது பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசத்தைப் பேர் சொல்லி நினைவுபடுத்துகிறார். பாட்டி, தாத்தா தூரத்தில் இருக்கிறார்கள் என்று விட்டுவிடாதே, போனைப் போட்டுக் கொடு. எங்கள் வீட்டில் ஞாயிறு சாயங்காலம் அப்பாவோடு காணொளியில் ஒரு அதிகாரம் வாசிக்கிறோம், ஆளுக்கொரு வசனம். என் மகள் தமிழ் எழுத்துக்களைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாள். அவள் முறை வந்தால் ஒரு வசனத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். அப்பா ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அவள் முடிக்கும்வரை காத்திருப்பார்.