குவில்ட் (துணித் துண்டுகளை இணைச்சு மூணு அடுக்காத் தைக்கற விரிப்பு) தைக்க நேரம் தேடறவங்களே: மனசுல நிக்கிற ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்க

பழவந்தாங்கல் ஊசி:

மூணு வாரமா உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதறேன். முன்கதை வேண்டாம், இங்க எல்லாருக்கும் ஒரே கதைதான். தைக்கத் தனி ரூம் கிடையாது, துண்டுகளைப் பரப்பிப் பார்க்கக் கட்டில்தான் டிசைன் போர்டு. எங்க மொட்டை மாடியிலேர்ந்து பொழுது சாய்ஞ்சப்புறம் தெரியற மின்சார ரயில்தான் என்னோட படம். 63 துண்டு. சாம்பல், கருநீலம், மூணு விதமான கத்திரிப்பூ கலர், எல்லாமே இருட்டு. நடுவுல ஒரே ஒரு மஞ்சள், உள்ளங்கை அளவு. ரயில் ஜன்னல். அது இல்லேன்னா படமே இல்ல.

வைகாசியில நாத்தனாருக்கு வளைகாப்பு, எங்க வீட்லதான். ரூமைச் சாத்தி வெச்சிருந்தேன். மாமியாரோட அக்கா, பெரியத்தை, கும்பகோணத்துலேர்ந்து வந்திருந்தாங்க. மதியம் கொஞ்சம் தலைசாய்க்கலாம்னு உள்ள போயிருக்காங்க. நான் பந்தியெல்லாம் முடிச்சுட்டுப் போய்ப் பார்த்தா கட்டில் சுத்தம்! எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா, ஓரம் பார்த்து, புடவை அடுக்கற மாதிரி அடுக்கி, ஒரு ஈரிழைத் துண்டுல முடிஞ்சு தலைமாட்டுல வெச்சுட்டு நிம்மதியாத் தூங்கறாங்க.

எழுந்ததும், "வெட்டுத்துணி இறைஞ்சு கிடந்துது, எடுத்து வெச்சேன். ஏம்மா, நல்ல துணியாச்சே, இதை எதுக்கு இப்படி நறுக்கிப் போட்டே?"ன்னாங்க.

"சும்மாதான் பெரியத்தை"ன்னேன்.

ஏழு மாசம். ராத்திரி பத்தரைக்கு அடுப்பு மேடை துடைச்சு, பால் உறை ஊத்திட்டு உட்கார்ந்த ஏழு மாசம். சும்மாதான்! அவங்க மேல எனக்குக் கோபமே இல்ல. போட்டோ எடுத்து வெச்சிருந்தேன், அதனால வரிசையும் போகல. அந்த வார்த்தை என் வாயிலேர்ந்து வந்துதே, அதுதான் தாங்கல. முடிச்சை இன்னும் அவிழ்க்கல.

சிங்காநல்லூர் அக்கா:

உங்க "சும்மாதான்" மாதிரி என்னோடது ஒரு "ஆமாங்க".

எனக்கு நேரம்னா காலைல நாலரை டு அஞ்சரை. அதுக்கு மேல டிபன், ஸ்கூல் வேன், பஸ். ஃப்ரீ மோஷன் (துணியைக் கையாலயே இஷ்டத்துக்கு நகர்த்தித் தைக்கறது) பழகிட்டிருந்தேன், பழைய கறுப்பு மெஷின்லதான். அதுல துணி தள்ளுற பல்லைக் கீழ இறக்க முடியாது, மேல ஒரு விசிட்டிங் கார்டை ஒட்டி, ஊசி இறங்க ஓட்டை போட்டு, தையல் நீளத்தை சைபர்ல வெச்சு ஓட்டணும். சத்தம் வராம எப்படி? ஒரு நாள் கீழ் வீட்டுப் பெரியவர் மேல வந்துட்டாரு. மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. திட்டப் போறாருன்னு கதவைப் பாதிதான் திறந்தேன்.

"நாலு நாளாக் கேக்கறனுங்க, அந்த மெஷின் அழுவுது"ன்னாரு.

உள்ள வந்து துணியைத் திருப்பிப் பார்த்தாரு. மேல்பக்கம் பூரா அடிநூல் புள்ளி புள்ளியாத் தெரிஞ்சுது. அடிநூல் இருக்கற பாபின் கேஸைக் கழட்டி, நூலை மட்டும் பிடிச்சுத் தொங்க விட்டாரு. கேஸ் சர்ர்ருனு கீழ போயிருச்சு. என் ஹேர்ப்பின்னால (ஸ்க்ரூ டிரைவர் தேடுற பொறுமை அவருக்கு இல்ல) அந்தக் குட்டி ஸ்க்ரூவைத் துளியூண்டு திருப்பினாரு. மறுபடி தொங்க விட்டு லேசா ஒரு குலுக்கு. ஒரு இன்ச் இறங்கி அப்படியே நின்னுச்சு. அந்தத் தொங்கல் இன்னும் என் கண்ணுல இருக்கு. நாப்பது வருஷம் இரும்பைத் தொட்ட கை, நூல் அறுந்துருமோன்னு அவ்வளவு பதனமாப் பிடிச்சிருந்துச்சு.

கிளம்பறப்ப, "என்னங்கம்மா இது, ஜமுக்காளமா?"ன்னு கேட்டாரு. விளக்கம் சொல்ல டைம் இல்ல, குக்கர் வெக்கணும். "ஆமாங்க"ன்னுட்டேன்.

அடுத்த மாசம் அவரோட பையன் வந்து பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அந்தக் குவில்ட் முடிஞ்சுது. நொய்யல் ஆத்தங்கரைப் படம், ஆறு பூரா நுரை. அது ஜமுக்காளம் இல்லன்னு அவருக்குச் சொல்லவே இல்ல.

ஞாயிறு வெட்டு:

தப்பா எடுத்துக்காதீங்க, ரெண்டு பேருக்கும் பிரச்சினை நேரம் இல்ல, பிளானிங். போனை ஒரு மணி நேரம் கீழ வெச்சாலே வருஷத்துக்கு 365 மணி நேரம். நான் செய்யறதைச் சொல்றேன், யாருக்காவது உதவும்.

வெட்டறதும் தைக்கறதும் ஒரே நாள்ல வேண்டவே வேண்டாம். ஞாயித்துக்கிழமை வெட்டு மட்டும். வெட்டினதும் ஒவ்வொண்ணுக்கும் மாஸ்கிங் டேப்ல நம்பர். (முதல் பதிவு போட்டவங்க இதைப் பண்ணியிருந்தா யார் மடிச்சாலும் கவலை இல்ல.) வரிசை வரிசையா ஜிப் கவர்ல போட்டு, கவரை ஒரு அட்டையோட கிளிப் பண்ணுங்க. வார நாள்ல கைக்கு ஒரு கவர், அவ்வளவுதான். மூணு விசில் வரதுக்குள்ள நாலு துண்டு இணையும். ஓரத்துல விடற கால் இன்ச் தையல் இடம் சீரா நிக்கலைன்னா மெஷின் பிளேட்டுல பழைய ஏடிஎம் கார்டை ஒட்டி அதோட ஓரத்தைப் பிடிச்சு ஓட்டுங்க. சுங்குடி, கைத்தறி, பாத்திக் எதுவா இருந்தாலும் முதல்ல தண்ணில முக்கி வெள்ளைத் துணியால ஒத்திப் பாருங்க. சாயம் விட்டா ஆறு மாச உழைப்பு ஒரே அலசல்ல காலி. நடுவுல வெக்க பேட்டிங்னு பஞ்சு விரிப்பு வாங்கணும்னு அவசியமே இல்ல (எங்க வீட்டுக்காரர் இன்னும் "பேட்டிங் யாரு, பௌலிங் யாரு"ன்னுதான் கேக்கறார்), நைஞ்ச காட்டன் புடவை ரெண்டு மடிப்பு போதும், நம்ம ஊர் வெயிலுக்கு அதுதான் சரி. மூணு அடுக்குக்கு 14ம் நம்பர் ஊசி, எட்டு மணி நேரம் ஓடினா மாத்திடுங்க. ஊசிக்குக் கஞ்சத்தனம் பார்த்தா துணிதான் கிழியும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கக் கூடாது, அழுத்தி எடுக்கணும். தேய்ச்சா கோணும்.

சம்பவம்தானே கேட்டீங்க? துணி கத்திரியால வீட்டுக்காரர் பால் பாக்கெட் வெட்டினார். 2019. இன்னும் மறக்கல.

இரட்டைப்பிள்ளை அம்மா:

ஞாயிறு வெட்டு மேடம், ஞாயித்துக்கிழமை யாருக்கு லீவு? எங்க வீட்ல அன்னிக்குத்தான் எல்லாரும் இருப்பாங்க, அன்னிக்குத்தான் கறிக்குழம்பு. மூணு விசில்ல நாலு துண்டுன்னு சொல்றீங்க. என் மூணு விசில்ல ஒருத்தி வாளித் தண்ணியைக் கவுப்பா, இன்னொருத்தி அதுல உட்காருவா. போனைக் கீழ வெக்கணுமாம்! இந்தப் பதிவைப் படிக்கறதே பாத்ரூம்ல நின்னுக்கிட்டு.

கொலு பொம்மை:

முதல் பதிவுக்கு வரேன். "சும்மா"ன்னு நாம சொன்னா, கேக்கறவங்க அந்த விலைதான் போடுவாங்க. சொந்தக் கதை.

ரெண்டு வருஷம் முன்னாடி நவராத்திரிக்கு ஹால் சுவர்ல ஒண்ணு மாட்டியிருந்தேன். திருவல்லிக்கேணி கோயில் குளம், படி படியா பச்சை, பதினொரு வகைப் பச்சை. சுண்டல் வாங்க வந்த மாமி ஒருத்தி "அழகா இருக்கேடி, குடுப்பியா?"ன்னு கேட்டா. அந்த மாசம் கையில காசு இல்ல, வாஸ்தவம். ரெண்டாயிரம்னு வாயெடுக்கறதுக்குள்ள அவளே எண்ணூறுன்னா. குடுத்துட்டேன். போன மாசம் அவா வீட்டுக்குப் போனேன். சமையல் மேடையில மிக்ஸிக்கு அடியில நாலா மடிச்சு வெச்சிருக்கா. "அதிர்வே இல்லடி, சத்தம் கூடக் கம்மி!"ன்னு சந்தோஷமாச் சொன்னா. நாலாவது படியில மஞ்சப்பொடிக் கறை. காபியைக் குடிச்சுட்டு அந்தக் கறையையே பார்த்துண்டிருந்தேன். வேற ஒண்ணு தச்சுத் தரேன், இதைக் குடுன்னு கேக்கத் தெரியல.

வீட்டுக்கு வந்ததும் ஹேரியட் பவர்ஸ்தான் ஞாபகம் வந்தா. தெரியாதவங்களுக்கு: 1837ல அமெரிக்காவில ஜார்ஜியாவில அடிமையாப் பிறந்தவ. விடுதலை ஆனப்புறம் விவசாயக் குடும்பம், பிள்ளைகள், வயல் வேலை. அதுக்கு நடுவுல பைபிள் கதைகளைத் துணியில வெட்டி ஒட்டி ஒரு குவில்ட் தச்சா. 1886ல ஏதென்ஸ்ங்கற ஊர்ல (கிரீஸ் இல்ல, ஜார்ஜியாவிலேயே இருக்கற ஏதென்ஸ்) கண்காட்சியில வெச்சா. ஓவிய டீச்சர் ஒருத்தி விலைக்குக் கேட்டா, எந்த விலைக்கும் தரமாட்டேன்னுட்டா. சில வருஷம் கழிச்சுக் கஷ்ட காலம். தானே எடுத்துண்டு போய் 10 டாலர் கேட்டா, கிடைச்சது 5. அதுக்கப்புறம் அதைப் பார்க்கறதுக்குன்னே அந்த வீட்டுக்குப் பல தடவை போயிருக்கா. இன்னிக்கு அது வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. எனக்கு உறைச்சது அஞ்சு டாலர் இல்ல. வித்ததைப் போய்ப் போய்ப் பார்த்தாளே, அதுதான். நானும் இனிமே அந்த வீட்டுக் காபியை விடறதா இல்ல.

ஞாயிறு வெட்டு:

ஹேரியட் பவர்ஸ் வயல் வேலைக்கு நடுவுல தச்சாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ நான் சொன்னதுல என்ன தப்பு?

கொலு பொம்மை:

அவ கையில ஜிப் கவரும் மாஸ்கிங் டேப்பும் இல்ல, அதுதான்.

ஸ்காபரோ மழை:

வணக்கம், சண்டைக்கு நடுவில வாறன். நான் இஞ்ச கனடாவில முதியோர் இல்லத்தில இரவு வேலை. எனக்கு மெஷின் ஒண்டும் இல்லை, கையாலதான். இடைவேளை 15 நிமிசம், ரெண்டு தரம். ஊசியில நூல் கோர்க்கவே கண் பிடிக்கிறதுக்கு மூண்டு நிமிசம் போயிடும், அதால வீட்டில இருந்தே பத்து ஊசி கோர்த்துக் கொண்டு போவன். (இது அறிவுரை இல்லை!)

அங்க ஒரு வெள்ளைக்கார அம்மா, 90 தாண்டியிருக்கும். அவவும் ஒரு காலத்தில குவில்ட் தைச்சவவாம். ஒருநாள் விடியப்புறம் நித்திரை இல்லாமல் இருந்தா. நான் என்ரை துணியை மடியில வைச்சுக் காட்டினன். முன்பக்கத்தை ஒருக்காலும் பார்க்கேல்லை. நான் எத்தினை பாடுபட்டு நிறம் தெரிஞ்செடுத்தனான்! அப்பிடியே பிரட்டிப் பின்பக்கத்தை எடுத்தா. பெருவிரல் நுனியில இருந்து முதல் மடிப்பு வரைக்கும் ஒரு அங்குலம் எண்டு கணக்கு வைச்சு, தையலை எண்ணத் தொடங்கினா. "இதில அஞ்சு. இதிலயும் அஞ்சு. அவசரம், அவசரம்." கை நடுங்குது, ஆனா எண்ணிக்கை பிழைக்கேல்லை. பிறகு இடப்பக்க மூலைக்கு வந்து நிண்டா. "இதில ஒன்பது. இது தைக்கேக்க உனக்கு அவசரம் இருக்கேல்லை. எங்க இருந்தனி?"

அது 2020ல எனக்குக் கோவிட் வந்து, பேஸ்மென்ட்டில 14 நாள் தனிய அடைபட்டுக் கிடந்தபோது தைச்சது. சாப்பாட்டைப் படியில வைச்சிட்டுப் போவினம். காய்ச்சல் விட்ட பிறகு மிச்ச நாளெல்லாம் தைச்சன். கல்யாணம் கட்டி 22 வருசத்தில ஒருத்தரும் என்னை "அம்மா, எங்க நிக்கிறியள்?" எண்டு கூப்பிடாத நாட்கள் அவைதான். அதை அவவிட்டைச் சொல்ல வெக்கமா இருந்தது. காய்ச்சல் வந்தாத்தான் ஒன்பது தையல் வரும் எண்டு எப்பிடிச் சொல்லுறது? "லீவில நிண்டனான்" எண்டு சொல்லிப்போட்டன். தலையாட்டினா. நம்பினவவோ தெரியாது.

கட்டிங் மாஸ்டர்:

ஆம்பளை எழுதலாமா? தொழிலே தையல்தான் எனக்கு. பகல்ல பிளவுஸ், ராத்திரி வெட்டுத்துணியை வெச்சு எனக்குப் பிடிச்சது. எங்கப்பாவும் டைலர்தான், கடை சாத்தினப்புறம் தேருக்குத் தொம்பை தைப்பாரு. சிவப்பு, வெள்ளை, பச்சைன்னு துணியை வெட்டி ஒட்டுத் தையல் போட்டு, உருளையாத் தொங்குமே, அது. தேரோட்டத்தன்னிக்கு எல்லாரும் சாமியைப் பார்த்துக் கையெடுப்பாங்க. அப்பா கழுத்தை அண்ணாந்து தொம்பையோட மூட்டுத் தையலைப் பார்ப்பாரு. ஒரு வருஷம் "ரெண்டாவது யாளி கோணிக்கிச்சுடா"ன்னாரு. நான் சின்னப் பையன், "யாருப்பா அதைப் பார்க்கப் போறா?"ன்னு கேட்டுட்டேன். பதிலே சொல்லல, வடத்தைப் பிடிக்கப் போயிட்டாரு. மெஷின்ல உட்கார்ற ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கறேன்.

மேலே பெரியத்தையைப் பத்தி எழுதின அம்மா, முடிச்சை அவிழ்த்துப் பாருங்க. துணி மடிப்பிலேயே கிடந்தா வரி விழுந்துடும்.

பழவந்தாங்கல் ஊசி:

மாஸ்டர் சொன்னாரேன்னு நேத்து ராத்திரி அவிழ்த்தேன். போட்டோவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா அடுக்கினேன். 62. மறுபடி எண்ணினேன், துண்டை உதறினேன், கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சேன். 62தான். மஞ்சள் இல்ல!

காலைல கும்பகோணத்துக்குப் போன் போட்டேன். பெரியத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம், கத்தித்தான் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே குஷி.

"அந்த மஞ்சத் துணியா? அன்னிக்கே எடுத்துட்டேனே. மஞ்சத் துணி தேடிண்டிருந்தேன், சாமியே கட்டில்ல போட்டு வெச்ச மாதிரி கிடந்துது. நம்ம பொண்ணுக்கு சுகப் பிரசவம் ஆகணும்னு வேண்டிண்டு ஒரு ரூபா முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வெச்சிருக்கேன். ஏம்மா, அது எதுக்காவது வேணுமா?"

இந்தத் தடவை சும்மான்னு சொல்லல. "அது ஒரு ரயில் ஜன்னல் பெரியத்தை"ன்னேன், கத்தித்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ரயிலா? எந்த ரயிலு?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். மொட்டை மாடி, பொழுது, ஸ்டேஷன்ல வண்டி நிக்கறது, எல்லாம். குக்கர் எத்தனை விசில் போச்சுன்னு தெரியாது, சாதம் குழைஞ்சே போச்சு.

முடிஞ்ச காசை வேண்டுதல் நிறைவேறாம அவிழ்க்கக் கூடாதாம். டாக்டர் சொன்ன தேதி ஆடி கடைசி. நாத்தனார் நல்லபடியாப் பெத்துக்கட்டும். சுத்தியிருக்கற 62ஐயும் இணைக்க ஆரம்பிச்சுட்டேன், அந்த ஒரு இடம் மட்டும் காலி.